மின்னழுத்தம் குறைந்தால் பம்புசெட் மோட்டார் ஏன் எரிகிறது?

தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் மோட்டார் காயில் எரிந்தால், காயில் கட்டும் செலவோடு பயிரும் காய்ந்துவிடும். மோட்டார் சுழலும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்த இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

மோட்டார் சுழல்வது எப்படி?

மும்முனை மோட்டாரின் வெளிக்கூட்டில் மூன்று தொகுதி காயில்கள் உள்ளன. மூன்று பேஸ் மின்சாரமும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்தை அடைவதால், உள்ளே காந்தப்புலம் சுழல்கிறது. 4 துருவ மோட்டாரில் இது நிமிடத்துக்கு 1500 சுற்று. இந்தப் புலம் நடுவிலுள்ள ரோட்டார் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டும். மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தப்புலம் தள்ளும். எதிரெதிர்ப் பக்கக் கம்பிகள் எதிரெதிர்த் திசையில் தள்ளப்படுவதால் ரோட்டார் திரும்புகிறது. இதுவே திருப்பு விசை. ஸ்பேனரைப் பிடித்து நட்டைத் திருப்புவதும் இதே விசைதான்.

மின்னழுத்தம் குறைந்தால்

415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 332 வோல்ட் வந்தால், அது 80 சதவீதம். காந்தப்புலமும் ரோட்டார் மின்னோட்டமும் இரண்டுமே 80 சதவீதமாகக் குறையும். அதனால் மோட்டார் கிளம்பும்போது கிடைக்கும் திருப்பு விசை 64 சதவீதம் மட்டுமே. ஓடும் மோட்டாரோ அதே சுமையை இழுக்கக் கூடுதல் மின்னோட்டம் எடுத்துச் சூடாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் காயிலில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும்.

ஒரு பேஸ் போனால்

நின்றிருக்கும் மோட்டாரில் சுழலும் காந்தப்புலம் உருவாகாது. "உம்" என்ற சத்தம் மட்டும் வரும். ஓடிக்கொண்டிருந்தால் நிற்காமல் ஓடலாம். ஆனால் மீதி இரண்டு லைனில் மின்னோட்டம் அதிகரித்துக் காயில் எரியும்.

கவனிக்க வேண்டியவை

• உறுமல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டரைப் போடாதீர்கள்.
• மோட்டாரைப் போடும் முன் மூன்று பேஸிலும் மின்னழுத்தம் சரியாக உள்ளதா என்று வோல்ட்மீட்டரில் பாருங்கள்.
• ஸ்டார்ட்டரில் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் பொருத்துங்கள்.
• ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர் அளவுக்கு வையுங்கள்.
• ஃபியூஸில் தடித்த கம்பி கட்டாதீர்கள்.
• காயில் கட்டிய பின் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால், ஏதேனும் இரண்டு பேஸ் வயர்களை மாற்றினால் போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கொண்டே இதைச் செய்யுங்கள்.