தலையணையில் பூத்தது

ஹானிட்டன் லேஸ் பூ ஒன்று கட்டைவிரல் நகத்தளவே இருக்கலாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஹானிட்டன் ஊரைச் சுற்றி, வைக்கோல் திணித்த உருண்டைத் தலையணைமேல் அது பிறக்கிறது. துளையிட்ட அட்டையைத் தலையணைமேல் வைத்து, துளைக்குத் துளை குண்டூசி குத்தி, மெல்லிய நூல் சுற்றிய மரக்குச்சிகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். குச்சியின் முனை கூராக, வழவழவென்று இருக்கும். இதழோடு இதழைச் சேர்க்க, நூலைக் குண்டூசி குத்திய துளை வழியே கண்ணியாக இழுத்து, அதற்குள் குச்சியையே நுழைத்து எடுக்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் நூல் அறுந்துவிடும். இந்த வேலைக்கு ஐந்தாறு வயதுச் சிறுமிகளையே லேஸ் பள்ளிகளில் உட்கார வைத்தார்கள்.

பூவைப் பின்னியவள் ஒருத்தி, இலையைப் பின்னியவள் இன்னொருத்தி, இரண்டையும் சேர்த்துத் தைத்தவள் வேறொருத்தி. பெயர் நின்றதென்னவோ வியாபாரிக்கு. 1617-ல் இறந்த லேஸ் வியாபாரி ஜேம்ஸ் ராட்ஜ், ஹானிட்டன் ஏழைகளுக்கு 100 பவுண்டு எழுதி வைத்ததை அவருடைய கல்லறைக் கல் இன்றும் சொல்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் பின்னியவர்களுக்கு அப்படியொரு கல் இல்லை. பிற்காலத்தில் கூலியைக் காசாகத் தராமல் கடைச் சரக்காகத் தந்த வியாபாரிகளும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

பூவைத் தாங்கும் வலையும் ஒரு காலத்தில் கைவேலைதான். அதன்மேல் ஷில்லிங் நாணயங்களைப் பரப்பி, எத்தனை கொள்கிறதோ அதையே விலையாகக் கொடுத்தார்கள் என்பார்கள். 1809-ல் ஜான் ஹீத்கோட் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வலை சல்லிசானது, பலருக்குப் பிழைப்பு போனது. 1840-ல் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணத்துக்கு, டெவனின் பீர் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் லேஸ் பின்னியதால் மறுபடி கொஞ்ச காலம் மவுசு.

தலையணை லேஸ் நம் பக்கமும் வந்தது. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி அதைக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு.

திருமணத் துணிகளிலும் பெட்டிகளிலும் காலம் கழித்த லேஸ் பூக்கள் பல, இன்று ஹானிட்டனின் ஆல்ஹாலோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய சிற்றாலயம் ஒன்றின் எஞ்சிய பகுதி அது. நடத்துபவர்கள் ஊர்த் தன்னார்வலர்கள். வெளிச்சம் நூலைக் கெடுக்கும் என்பதால் லேஸை வெயில் படாமல் காக்க வேண்டும். காப்பதோடு நிற்காமல், வருகிறவர்கள் முன்னால் தலையணையை வைத்துப் பின்னியும் காட்டுகிறார்கள்.