பிரேசர் என்னும் பெயரும் நம் பிள்ளைகளின் பெயர்களும்



பிரேசர் என்னும் பெயரைக் கேளாத மலேசியத் தமிழர் இரார். பகாங் மாநிலத்தில் பிரேசர் மலை இருக்கிறது. திருநாள் தோறும் நம் இல்லங்களில் இடம்பெறும் எஃப் அண்ட் என் குளிர்பானத்தின் முதலெழுத்து, 1883ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் டேவிட் நீவ் என்பாருடன் சேர்ந்து சோடா நிறுவனம் தொடங்கிய ஜான் பிரேசரைக் குறிப்பதாகும். நம் ஜொகூரிலோ, கூலாய் வட்டாரத்தில் பிரேசர் தோட்டமும் அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் உள்ளன. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்த தமிழரின் பிள்ளைகள், ஸ்காட்லாந்து நாட்டுக் குலம் ஒன்றின் பெயரைப் பள்ளிச் சட்டையில் அணிந்து நடந்தனர். அந்தக் குலத்தின் வரலாற்றை அறிவதோடு, அது நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குலம் என்ற சொல்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வழங்கிய மொழி கேலிக் ஆகும். அம்மொழியில் குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'பிள்ளைகள்' என்பதே. அச்சொல், முளை அல்லது நாற்று என்று பொருள்படும் 'பிளாந்தா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் மொழிநூலார். வழித்தோன்றலைக் 'கான்முளை' என்றும், உறவினரைக் 'கிளை' என்றும் நம் முன்னோர் வழங்கியதை இங்கு ஒப்புநோக்கலாம். மரத்தையும் செடியையும் கண்டே மனித உறவுக்குப் பெயரிடும் வழக்கம் இரு நாட்டாருக்கும் பொதுவாக இருந்துள்ளது.

பிரேசர் குலத்தின் ஒரு கிளைக்குத் தலைவராக விளங்குபவரைக் கேலிக் மொழியில் 'மக் ஷிமி' என்பர். 'சைமனின் மகன்' என்பது அதன் பொருள். இதனைக் கண்டவுடன், 'மக்' என்பது நம் 'மகன்' என்னும் சொல்லே என்று முடிவு கட்டும் ஆர்வம் நம்மில் பலருக்கு எழும். ஆயின், அயர்லாந்தின் பழங்கல்வெட்டுகளில் இச்சொல் 'மக்வி' என்று காணப்படுகிறது. இனமொழியாகிய வெல்சு மொழியில் இதுவே 'மாப்' என்றாகி, பெயர்களின் இடையே 'ஆப்' எனச் சுருங்கிற்று. பழைய வடிவங்களை நோக்க நோக்க ஒற்றுமை விலகிப் போகின்றது. ஒலியொப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது என்பதை மாணவர்க்கு உணர்த்த இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

குலத்தின் தோற்றம்

பிரேசர்கள் தொடக்கத்தில் கேலிக் மொழியினர் அல்லர். பிரெஞ்சு மொழி பேசிய நார்மானியரோடு வந்தவர்கள். 1160ஆம் ஆண்டளவில் சைமன் பிரேசர் என்பவர் தென்கிழக்கு ஸ்காட்லாந்தின் கீத் என்னும் ஊரில் நிலம் பெற்றிருந்தார். அவ்வூர்த் தேவாலயத்தைக் கெல்சோ மடத்துக்குக் கொடையாக அளித்தார். அந்தக் கொடையின் எழுத்துப் பதிவே, இக்குலத்தார் ஸ்காட்லாந்தில் வாழ்ந்ததற்கு நமக்குக் கிடைக்கும் தொன்மையான சான்றாக விளங்குகிறது. கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்தவரின் பெயர் கல்வெட்டில் நின்று நிலைப்பதைப் போன்றதே இதுவும்.

இவர்களின் குலச்சின்னத்தில் ஸ்ட்ராபெரிப் பூக்கள் உள்ளன. பிரெஞ்சு மொழியில் அப்பழத்தைப் 'பிரேஸ்' என்பர். பெயரின் ஒலியைக் கொண்டு அமைத்த சொல்விளையாட்டாகவே அச்சின்னத்தை ஆய்வாளர் கருதுகின்றனர். பழத்திலிருந்து பெயர் பிறந்தது என்னும் கதைகள் பின்னர்த் தோன்றியவை.

ஸ்காட்லாந்தின் விடுதலைப் போரில் இக்குலத்தார் முன்னின்றனர். 1303இல் ரோஸ்லின் போர்க்களத்தில் ஆங்கிலப் படையை எதிர்த்த சைமன் பிரேசர் 1306இல் இலண்டனில் கொல்லப்பட்டார். அதே குலத்து அலெக்சாண்டர் பிரேசர், மன்னர் இராபர்ட் புரூசின் தங்கையை மணந்தார். அவர் வழியினர் வடகிழக்குக் கடற்கரையில் நிலைத்தனர். அவர் தம்பி வழியினர் மலைநாட்டில் லொவாட் பகுதியில் வேரூன்றிக் கேலிக் மொழியினராயினர். 'மக் ஷிமி' என்பது இந்த லொவாட் தலைவரின் பட்டமே.

பெயர் பெருகிய விதம்

ஒரு குலத்தில் உள்ள அனைவரும் ஒரே மூதாதையின் குருதி வழி வந்தவர் என்றே பொதுவாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. தலைவரின் நிலத்தில் குடியிருந்தோரும் அவரிடம் பாதுகாப்பு நாடியோரும் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றனர். லொவாட் பகுதியில் வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. பிரேசர் என்று பெயர் மாற்றிக்கொண்ட குடும்பங்களுக்குத் தலைவர் ஒரு 'போல்' அளவு ஓட்ஸ் மாவு அளித்தாராம். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 63 கிலோ ஆகும். அவ்வாறு சேர்ந்தவர்களை 'மாவுக்குப் பிரேசரானவர்' என்று பிறர் எள்ளினர். பசித்தவன் பெயர் மாற்றியதில் இழிவு யாதுமில்லை. குலப்பெயர் என்பது குருதியால் மட்டுமன்றி, நிலத்தாலும் சோற்றாலும் ஆனது என்பதையே அச்செய்தி உணர்த்துகிறது.

வீழ்ச்சியும் புலப்பெயர்வும்

1746இல் கலோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றது. தோற்ற தரப்பை ஆதரித்த லொவாட் தலைவர் சைமன் பிரேசர் 1747இல் இலண்டனில் தலை வெட்டப்பட்டார். பிரிட்டனில் அத்தண்டனைக்கு ஆளான கடைசி மனிதர் அவரே. மலைநாட்டு உடை தடைசெய்யப்பட்டது. 1782 வரை அத்தடை நீடித்தது. தலைவர்கள் வழிவழியாகப் பெற்றிருந்த நீதி வழங்கும் உரிமையும் பறிக்கப்பட்டது. அவர் மகன் 1757இல் அதே ஆங்கில அரசுக்காகத் தம் மக்களைக் கொண்டு படை திரட்டினார். அப்படை 1759இல் கனடாவின் கியூபெக்கில் போரிட்டது. பறிமுதலான நிலம் 1774இல் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பின்னாளில் ஆட்டுப் பண்ணைகளுக்காக மலைநாட்டுக் குடியானவர் பலர் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். போரும் வறுமையும் வணிகமும் பிரேசர் என்ற பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. கனடாவில் பிரேசர் ஆறு அப்பெயர் பெற்றது. மலாயாவில், ஈய வணிகரான லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் வாழ்ந்த மலைக்கு அவர் பெயரே நிலைத்தது. அவரைத் தேடி 1917இல் சிங்கப்பூர்ப் பேராயர் அம்மலைக்குச் சென்றபோது அவர் அங்கு இல்லை. மனிதர் மறைந்தார், பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நம் பெயர்கள்

இனி நம் பிள்ளைகளின் பெயர்களைப் பார்ப்போம். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே ஏ/எல் அல்லது ஏ/பி என்று எழுதுகிறோம். 'அனாக் லெலாகி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. 'இன்னாரின் மகன், இன்னாரின் மகள்' என்பதே பொருள். 'மக்' என்பதும் அதே பணியைத்தான் செய்தது. ஆயின், ஸ்காட்லாந்தில் அது உறைந்து பரம்பரைப் பெயராயிற்று. நம்மிடமோ தலைமுறைதோறும் மாறுகிறது. முருகனின் மகன் கோவிந்தன். கோவிந்தனின் மகன் செல்வம். செல்வத்தின் பெயரில் முருகன் இல்லை. பாட்டியின் பெயரோ இரண்டு முறைகளிலும் இடம்பெறுவதில்லை. விடியற்காலையில் பால் வெட்டப் போன பெண்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம்.

கங்காணி தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் சேர்த்து வந்தார். தோட்டத்தின் செக்குரோலில் ஒருவர் பெயரும் அவர் வேலை செய்த நாளும் கூலியும் பதிவாயின. அவர் எந்த ஊரார், யாருடைய பேரப்பிள்ளை என்பவை பெரும்பாலும் வாய்மொழியிலேயே இருந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறியபோது அந்த வாய்மொழியும் சிதறியது.

ஆகவே நாமும் பரம்பரைப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டுமா என்று சில பெற்றோர் வினவுகின்றனர். தேவையில்லை என்பதே என் கருத்து. பிரேசர் என்ற பெயர் மட்டுமே ஒருவர் வந்த வழியைக் காட்டிவிடாது. மாவுக்காகச் சேர்ந்தவரும் பிரேசர்தான். அக்குலத்தின் வரலாறு எஞ்சியிருப்பது, கொடையும் நிலமும் திருமணமும் எழுத்தில் பதிந்ததனால்தான். அந்தப் பழக்கத்தை நாம் கைக்கொள்ளலாம்.

குடும்ப வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், தாத்தா பாட்டி இருவர் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை மாணவர் எழுதி வரச் செய்யலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், செய்த வேலை என மூன்று கட்டங்கள் போதும். சாதிப் பட்டத்திற்குக் கட்டம் வேண்டா. சில கட்டங்கள் வெறுமையாகவே திரும்பும். அதற்காக மாணவரைக் கடிந்துகொள்ளலாகாது. பெற்றோர்களே, அவற்றை நிரப்பக்கூடிய முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், வரும் பள்ளி விடுமுறையிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.