வட்டக்களரியும் ஒலித்தடமும்: கூத்துப் பதிவின் தொழில்நுட்ப எல்லைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமாகிய படுவான்கரையில் அமைந்துள்ளது பழுகாமம். திரௌபதை அம்மன் வழிபாடு நிலைபெற்ற இவ்வூரிலும் அயற்கிராமங்களிலும் பாரதக்கதை ஏட்டில் மட்டும் வாழ்ந்ததன்று; வழிபாட்டிலும் கூத்திலும் மக்களின் உடலிலும் குரலிலும் வாழ்ந்து வந்துள்ளது. இக்கூத்துகளின் ஆட்டமுறை, பாடல், சமூகப் பின்னணி ஆகியன பற்றி ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். எனினும் கூத்தின் ஒலியை முழுமையாகப் பதிந்து வைப்பதற்கு எவை தடையாயிருந்தன என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அதனையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

வட்டக்களரிக்கு முன்புறம், பின்புறம் என்ற பேதமில்லை. பார்வையாளர் சூழ்ந்திருக்க, அண்ணாவியார் மத்தளத்துடன் களரியில் நிற்பார். சல்லரி தாளம் காட்டும். கூத்தர் ஆடிக்கொண்டே பாட, பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். ஒலி பல திசைகளிலிருந்து எழுகின்றது. எழும் இடமும் நொடிக்கு நொடி மாறுகின்றது. ஒலிப்பதிவின் வரலாறோ இதற்கு நேர்மாறான ஓர் இடத்திலிருந்து தொடங்கியது.

1877 இல் எடிசன் உருவாக்கிய கருவிக்கு ஒரேயொரு குழலே செவி. 1902 இல் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவிற் பதிவு செய்தபோதும் பாடுவோர் குழலின் முன் நின்றே பாடவேண்டியிருந்தது. இசைத்தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களையே தாங்கியது. விடிய விடிய நிகழும் கூத்து அதில் அடங்குமாறில்லை. மின்வழி ஒலிப்பதிவு பரவத் தொடங்கிய 1925 ஆம் ஆண்டிலேயே கொழும்பில் வானொலி ஒலிபரப்பும் ஆரம்பித்தது. ஆயினும் ஒலிவாங்கியின் அருகில் நின்றவர் குரலே உலகுக்குக் கேட்டது. பின்வரிசையில் நின்ற பிற்பாட்டுக்காரர் மங்கிய முணுமுணுப்பாயினர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைச் சுருக்கி, ஒருமுகம் கொண்ட படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். அம்முயற்சி கூத்துக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தது. எனினும் களரியின் சுற்றொலி அம்மேடைக்கு உரியதன்று.

பல ஒலிகளைத் தனித்தனியே பதியும் ஆற்றல் பிறிதோரிடத்தில் வளர்ந்தது. 1957 இல் லெஸ் பால் எட்டுத் தட ஒலிநாடாக் கருவியைப் பெற்றார். 1991 இல் வெளிவந்த புரோ டூல்ஸ், கணினியில் நான்கு தடங்களைக் கையாண்டது. இவை பெருநகர ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும், அவற்றை நடத்திய மூலதனத்துக்கும் உரியனவாயிருந்தன. கிராமத்துக் களரி அவற்றின் கணக்கில் இருக்கவில்லை.

இன்று கணினி மலிந்துள்ளது. இனித் தடையேதுமில்லை எனக் கருதுவோர் உளர். ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். மத்தளத்தின் இரு முகங்களுக்கு இரண்டு, சல்லரிக்கு ஒன்று, அண்ணாவியாருக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு இரண்டு, களரியைச் சுற்றி எட்டு, பார்வையாளருக்கு இரண்டு என 16 ஒலிவாங்கிகள் தேவை எனக் கொள்வோம். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 24 பிட் என்ற அளவில் ஒரு தடத்துக்கு 1,44,000 பைட். 16 தடங்களுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 2.3 மெகாபைட். எட்டு மணித்தியாலக் கூத்துக்கு ஏறக்குறைய 66 கிகாபைட் வேண்டும். செக்கனுக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட்டே கடத்தவல்ல பழைய யு.எஸ்.பி. இணைப்பு இதனைத் தாங்காது. 2000 இல் வந்த 480 மெகாபிட் இணைப்புக்கு இது பெருஞ்சுமையன்று.

ஆகவே இன்றைய இடர் அளவிலன்று, தொடர்ச்சியிலேயே உள்ளது. கணினி ஒரே வேளையில் பல பணிகளைச் செய்வது. அது வேறொன்றில் ஈடுபடும் கணத்திலும் ஒலி வந்துகொண்டேயிருக்கும். வந்த ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் நினைவிடம் நிரம்பி வழிந்தால், அக்கணம் மீளாது. சுழலும் வன்தட்டில் 16 கோப்புகளை ஒருங்கே எழுதும்போது அதன் முனை இடத்துக்கிடம் தாவவேண்டியிருப்பதும் தாமதத்தைக் கூட்டும். பாடுவோர் தம் குரலைக் கணினி வழியே உடனுக்குடன் கேட்கவேண்டிய கூடங்களில் இத்தேக்கத்தைச் சிறிதாக வைப்பர். களரியில் அத்தேவையில்லை. எனவே தேக்கத்தைப் பெரிதாக்குவதே அறிவுடைமை.

வேறிரு எல்லைகளும் மனங்கொள்ளத்தக்கன. வழக்கமான வேவ் கோப்பு தன் அளவை 32 பிட் எண்ணாற் குறிப்பதால் ஏறத்தாழ 4 கிகாபைட்டுக்கு மேல் வளராது. மேற்கூறிய அளவில் ஒரு தடம் தனிக்கோப்பாயின் எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். 16 தடங்களும் ஒரே கோப்பாயின் 31 நிமிடங்களில் நிரம்பிவிடும். இதனை அறியாதவர் நள்ளிரவுக்கு முன்னரே கூத்தை இழப்பர். அடுத்தது கடிகாரம். பணச்சுருக்கத்துக்காக இரு சிறு கருவிகளை இணைத்தாற் போதும் எனத் தோன்றலாம். அவற்றின் பளிங்குக் கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலும், விடியும்போது ஒன்றுக்கொன்று 1.44 செக்கன் விலகி நிற்கும். மத்தள அடி ஒரு கருவியிலும் சல்லரி மறு கருவியிலுமாயின் தாளம் குலைந்துபோகும். ஒரு கருவியின் கடிகாரத்துக்கு மற்றையது கட்டுப்படுமாறு இணைத்தலே இதற்கு வழி.

ஒலித்தடங்களின் எண்ணிக்கை வெறும் பொறியியற் செய்தியன்று என்பது இதனாற் புலனாகும். ஒரே ஒலிவாங்கியே உள்ளதெனில், யார் முன் அதனை வைப்பது என எவரோ ஒருவர் தீர்மானிக்கின்றார். அத்தீர்மானத்தில் உழவரும் கூலியாளருமான பிற்பாட்டுக்காரர் வரலாற்றிலிருந்து விடுபடுகின்றனர். கூத்து கூட்டுழைப்பின் கலை. அக்கூட்டைக் காட்டாத பதிவு அரைகுறைச் சான்றேயாகும்.

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பை அழித்தது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருப்பது இல்லாமற் போகலாம் என்பதை நாம் பெருவிலை கொடுத்துக் கற்றவர்கள். பதிவுகள் குறைந்தது மூன்று பிரதிகளாக, வெவ்வேறிடங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று, ஆடியவர்களின் ஊரிலேயே இருத்தல் வேண்டும். பழுகாமத்துச் சிறுவன் ஒருவன் தன் பாட்டன் பாடிய பிற்பாட்டைத் தனித்தடமாகப் பிரித்துக் கேட்டுப் பயிலக்கூடிய நாளிலேயே இத்தொழில்நுட்பம் நமக்குரியதாயிற்று எனலாம்.