மூளைப் படமும் நோயாளியின் சொல்லும்

எழுந்து நின்றால் தலை பிளக்கிறது, படுத்தால் அடங்குகிறது. மண்டையோட்டினுள் அழுத்தம் குறையும் நோய்க்கு இந்தப் பேச்சுதான் முதல் சான்று. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், தண்டுவடத்தில் மயக்க மருந்து செலுத்தும் சோதனைக்குத் தன் முதுகையே கொடுத்தார். பிறகு பல நாட்கள் எழ முடியாமல் கிடந்தார். மூளைத்தண்டுவட நீர் இழப்பே காரணம் என்று கருதினார். வலித்தவர் மருத்துவர், ஆகவே அவர் வலி ஆவணமாயிற்று.

ஊசி படாமலேயே இந்நிலை தோன்றுவதை 1938இல் விவரித்தவர் கியார்க் ஷால்ட்டென்பிராண்ட். இதே மனிதர்தான் நாஜி ஆட்சியில், வெர்னெக் மனநல விடுதியின் நோயாளிகளுக்குக் குரங்கின் தண்டுவட நீரைச் செலுத்தி, முடிவுகளை 1943இல் நூலாகவும் வெளியிட்டார். அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. பியரின் உடல் பேசியது. வெர்னெக்கில் இருந்தவர்களின் உடல் பரிசோதனைப் பாத்திரம் மட்டுமே.

ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவப் பார்வை, பிணத்தைத் திறந்து உண்மையைக் கண்டது. எம்.ஆர்.ஐ. திறக்காமலே காண்கிறது. நீர் குறைந்த இடத்தை இரத்தம் ஈடுகட்டுவதால் மூளையுறை காடோலினியம் ஏற்றிய படத்தில் வெளுத்து ஒளிரும், சிரைக்குழிகள் புடைக்கும், மூளை கீழே சரியும். 1990களின் தொடக்கத்தில் இவை அறியப்பட்டபோது, 'எல்லாம் மனசுதான்' என்று திருப்பியனுப்பப்பட்டவர்களுக்குச் சாட்சி கிடைத்தது. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூளைப் படம் இயல்பாகவே இருக்கிறது. அளந்து பார்த்தால் பலருக்கு நீரின் அழுத்தமும் குறைவில்லை. நோயின் பெயரே சந்தேகத்துக்குரியது! சாட்சியை நீதிபதியாக்கினால் என்ன ஆகும்?

அறுவைக்குப் பிறகுதான் இது கூர்மையாகிறது. உறையின் கிழிசலைத் தைக்கிறார்கள். அல்லது நீர் நேரே சிரைக்குள் வடியும் பாதையை, 2014இல்தான் விவரிக்கப்பட்ட ஒன்றை, கட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரங்களில், மாதங்களில் எடுக்கும் படங்களில் மூளை மேலேறுகிறது, உறையின் ஒளிர்வு மங்குகிறது. 2019இல் பெர்ன் மருத்துவர்கள் இத்தகைய அடையாளங்களுக்கு ஒன்பது மதிப்பெண் வகுத்தார்கள். மதிப்பெண் இறங்கினால் குணம். ஆனால் சிலருக்கு வலி தலைகீழாகத் திரும்புகிறது: இப்போது படுத்தால் வலி. அடைபட்ட நீர் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. அந்த ஏற்றம் படத்தில் தெரியாமலும் போகலாம். வேறு சிலருக்குப் படம் தெளிந்த பிறகும் பழைய வலி போவதில்லை. 'படத்துல ஒண்ணுமில்லையேம்மா' என்ற பதில் அப்போது பழைய திருப்பியனுப்பலேதான்.

படம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கசிவு இருக்கும் இடத்தைத் தேடவும், அடைத்தது நிற்கிறதா என்று பார்க்கவும் அது தேவை. எழும்போது வலிக்கிறதா, படுக்கும்போதா, எத்தனை நேரம் நிற்க முடிகிறது என்ற கேள்விகளுக்கு நோயாளி சொல்லும் பதிலும் அதே தாளில், அதே எடையோடு எழுதப்பட வேண்டும்.