பேச்சு போன பின்னும் எஞ்சும் பாட்டு: பக்கவாத மருத்துவத்தில் இசையின் வரலாறு

பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவர் பாட மட்டும் செய்கிறார் என்பது மருத்துவ உலகுக்குப் பழைய செய்தி. ஸ்வீடனில் ஊலோஃப் டாலின் 1745இல் அப்படி ஒரு நோயாளியைப் பதிவு செய்தார். அவருக்கு வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. வாயில் வந்தது 'ஆம்' என்ற ஒரே சொல். ஆனால் முன்பே மனப்பாடமாயிருந்த தேவாலயப் பாடல்களை, யாராவது முதலடி எடுத்துக் கொடுத்தால், தெளிவாகப் பாடினார். சில ஜெபங்களைப் பாடாமலே, ஒரு தாளக்கட்டோடு உரத்துச் சொன்னார். டாலினின் குறிப்பில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கடைசிச் செய்திதான். பின்வந்தவர்களின் கவனமோ பெரும்பாலும் ராகத்தின் மீதே இருந்தது.

1860களில் பால் புரோக்கா பேச்சை மூளையின் இடப்பக்க முன்மடலோடு தொடர்புபடுத்தினார். பேசமுடியாத குழந்தைகள் பாடுவதைப் பற்றி ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் 1871இல் எழுதினார். பாட்டுக்கு வலப்பக்கம் துணைநிற்கிறது என்ற எண்ணம் மெல்ல வலுப்பட்டது.

செவ்வியல் இசை உலகிலிருந்தே அதற்கு ஓர் அரிய சான்று கிடைத்தது. ரஷ்ய இசையமைப்பாளர் விசாரியோன் ஷெபாலின் 1953இலும் 1959இலும் பக்கவாதத்துக்கு ஆளானார். பேசுவதும் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் அவருக்குப் பெரும்பாடாயின. அந்த நிலையிலேயே 1962இல் தம் ஐந்தாம் சிம்பொனியை முடித்தார். மறு ஆண்டு இறந்தார். அலெக்சாண்டர் லூரியாவும் சகாக்களும் 1965இல் அவரைப் பற்றி வெளியிட்ட கட்டுரை, மொழி சிதைந்தாலும் இசையறிவு தனித்து நிற்கக்கூடும் என்று காட்டியது.

பேச்சிழந்தவரும் பாடக்கூடும் என்ற அவதானிப்பை முறையான சிகிச்சையாக்கியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகியோர் (1973). பயிற்சியாளர் நோயாளியின் இடக்கையைப் பிடித்து, அசைக்கு ஒரு தட்டு தட்டுவார். தமிழில் செய்தால் 'தண்-ணி வே-ணும்' நான்கு தட்டு. முதலில் வெறும் முனகல். பிறகு ஏற்றம், இறக்கம் என இரண்டே சுரத்தில் இருவரும் சேர்ந்து இழுத்துச் சொல்வது. பிறகு பயிற்சியாளர் பாதியில் நிறுத்த, நோயாளி தொடர்வது. கடைசியில் சுரம் கழன்று பேச்சு மட்டும் நிற்க வேண்டும். இப்படி நீண்டகாலம் பயின்ற ஆறு பேரின் மூளையை ஷ்லாக் குழு ஆராய்ந்து, வலப்பக்க நரம்பிழைக் கற்றை தடித்திருந்ததை 2009இல் அறிவித்தது.

2011இல் ஸ்டாலும் சகாக்களும் ஜெர்மனியில் 17 நோயாளிகளைச் சோதித்தனர். சொற்களை வரவழைப்பதில் ராகத்தின் பங்கைவிடத் தாளமும், சொற்கள் முன்பே பழகியவையா என்பதுமே பெரிதாய் இருந்தன. டாலின் குறித்துவைத்த ஜெபங்கள் காட்டியதும் இதையேதான்.

இசை கேட்பதன் பயன் தனிக் கதை. ஹெல்சிங்கியில் டெப்போ சார்காமோ குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் சொல்நினைவு, மூன்று மாதத்தில் 60 சதவீதம் தேறியது. ஒலிநூல் கேட்டவர்களுக்கு 18, இரண்டும் கேளாதவர்களுக்கு 29. இசை கேட்டவர்களிடம் மனச்சோர்வும் குறைந்திருந்தது. இதைச் செவ்வியல் இசையின் வெற்றியாக எழுதுவது தவறு: எதைக் கேட்பது என்பதை நோயாளிகளே தேர்ந்தனர், பலர் நாடியது பாடல் வரிகளுள்ள வெகுஜன இசையை. மேலும், அவர்கள் ரத்தக்குழாய் அடைப்பால் பாதிக்கப்பட்டவர்கள். இன்னொரு வகையான ரத்தக்கசிவுப் பக்கவாதத்திலோ குழாய் வெடித்து, கசிந்த ரத்தம் மூளையை அழுத்துகிறது. முதல் நாள்களின் ஆபத்தும் தேறும் போக்கும் வேறு. அடைப்பு நோயாளிகளிடம் கண்ட சதவீதங்களை ரத்தக்கசிவு நோயாளிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. அவர்களை மட்டுமே கொண்ட ஆய்வுகள் வேண்டும்.