கழிவிற் பிறந்த எரிபொருள்

சதுப்பு நிலங்களிலே இராக் காலத்தில் திடீரெனத் தோன்றி மறையும் சுவாலையைக் கண்ட தமிழ் மக்கள் அதனைக் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். அழுகிய இலைதழைகளிலிருந்து எழும் வாயுவே அவ்வாறு எரிகின்றது எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதினர். 1776ஆம் ஆண்டிலே அலசாந்திரோ வோல்ற்றா என்னும் இத்தாலிய விஞ்ஞானி, மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலாற் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கலத்திற் பிடித்து, அவ்வாயு தீப்பற்றி எரிவதைக் காட்டினார். மெதேன் என்று இன்று வழங்கும் வாயு அதுவே. 1895இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரிலே, கழிவுநீர்த் தொட்டியிற் பிறந்த வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது.

ஆகவே, குப்பையும் சாணமும் எரிபொருளாகும் என்னும் அறிவு புதியதன்று. அவ்வறிவைக் கொண்டு ஒரு நாட்டின் பஸ் வண்டிகளை ஓடச் செய்வதற்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. அஃது அரசாங்கத்தின் ஆதரவு. அதிலும், இடையிலே முறியாத ஆதரவு. இதனைச் சுவீடன் நாட்டின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

சுவீடன் காடும் நீர்வளமும் நிறைந்த நாடு. எண்ணெய் வளமோ அதற்கு இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது எண்ணெய் இறக்குமதி தடைப்பட்டது. அக்காலத்தில் அந்நாட்டு மக்கள் விறகையும் கரியையும் அரைகுறையாய் எரித்து, அதிலிருந்து பெற்ற வாயுவைக் கொண்டு ஏறக்குறைய 70,000 வண்டிகளை ஓட்டினர். யுத்தம் முடிந்து பெற்றோல் மலிந்ததும் அவ்வழி கைவிடப்பட்டது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பழைய அச்சத்தை மீண்டும் எழுப்பிற்று. இதற்கிடையில், ஸ்டொக்ஹோம் நகரிலே 1941இல் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட ஹென்றிக்ஸ்டால் நிலையம் போன்ற கழிவுநீர் நிலையங்களில், கசடு புளிக்கும்போது வாயு ஊறிக்கொண்டே இருந்தது. அதனை வண்டிக்கு ஏற்றலாம் என்னும் எண்ணம் வலுப்பெறுவதற்கு 1990கள் வரவேண்டியிருந்தது.

1991இலே சுவீடன் அரசாங்கம் நிலத்தடி எரிபொருள்கள்மீது காபன் வரி விதித்தது. கழிவிற் பிறக்கும் வாயு அவ்வரிக்கு உட்படவில்லை. பெற்றோலின் விலை ஏற, அதற்குப் போட்டியான வாயுவுக்கு இடம் உண்டாயிற்று. பணம் கொடுத்து உதவுவதற்கு முன்னரே, வரி வாங்காது விட்டமை அரசாங்கத்தின் முதலாவது பேருதவியாயிற்று.

அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள லிங்சோப்பிங் நகரம் இவ்வாய்ப்பினை முதலிற் பற்றிக்கொண்ட நகரங்களுள் ஒன்று. அந்நகரின் நடுவே டீசல் பஸ் வண்டிகள் கக்கிய புகை மக்களுக்குப் பெருந்தொல்லையாய் இருந்தது. இயற்கை வாயுக் குழாயோ நாட்டின் தென்மேற்குக் கரையோரத்தோடு நின்றுவிட்டது. எனவே நகரத்தார் தம் காலடியிலேயே வாயுவைத் தேடினர். கழிவுநீர் நிலையத்து வாயுவைக் கொண்டு சில பஸ் வண்டிகளை ஓட்டிப் பார்த்தனர், ஓடின. 1995இல் நகரசபைக்குரிய நிறுவனமும், கொல்களத்தை நடத்தியோரும், கமக்காரர் அமைப்பும் ஒன்றுகூடி ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்தன. கொல்களக் கழிவும், சாணமும், உணவுக் கழிவும் அதன் மூலப்பொருள்களாயின. 2002இல் 60க்கு மேற்பட்ட நகரப் பஸ் வண்டிகள் இவ்வாயுவினால் ஓடின. 2005இலே லிங்சோப்பிங்கிலிருந்து வெஸ்தர்விக் பட்டினத்துக்கு இதே வாயுவினால் ஒரு பிரயாணிகள் புகைவண்டியும் ஓடியது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது.

இவ்வேலை நடைபெறும் முறை எளியது. ஆனால் செலவு மிக்கது. கழிவை அரைத்துக் கூழாக்கி, நோய்க்கிருமிகள் மடியும்பொருட்டு 70 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைப்பர். பின்னர், காற்றுப் புகாத பெருங்கலத்தில் ஏறக்குறைய 38 பாகை வெப்பத்தில் ஒரு மாத அளவு புளிக்கவிடுவர். நுண்ணுயிர்கள் அதனை உண்டு வாயுவை வெளியிடும். அவ்வாயுவில் மூன்றில் இரு பங்கு அளவே மெதேன். எஞ்சியதிற் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. அடுப்புக்கு அது போதும். வண்டியின் எஞ்சினுக்குப் போதாது. அழுத்தம் மிக்க நீரினூடே செலுத்தும்போது காபனீரொட்சைட்டு நீரிற் கரைந்துவிட, நூற்றுக்கு 97 பங்கு மெதேன் கொண்ட வாயு மிஞ்சும். அதனை 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் அமுக்கி உருளைகளில் அடைப்பர். கலத்தில் எஞ்சிய கூழ் வயலுக்குப் பசளையாகத் திரும்பும்.

பெருங்கலம், சுத்திகரிக்கும் கோபுரம், அமுக்கும் யந்திரம், நிரப்பு நிலையம், புதிய பஸ் வண்டி ஆகிய யாவும் ஒருங்கே அமைந்தாலன்றி ஒன்றினாலும் பயனில்லை. வண்டி இல்லாத ஊரில் வாயு நிலையம் எவரும் கட்டார். நிலையம் இல்லாத ஊரில் வாயு வண்டி எவரும் வாங்கார். இம்முடிச்சை அவிழ்க்க அரசாங்கமே முன்வந்தது. 1998 முதல் 2002 வரை நடைபெற்ற உள்ளூர் முதலீட்டுத் திட்டத்தின் கீழ்ப் பல துறைகளுக்குமாக 620 கோடி குரோனர் ஒதுக்கப்பட்டது. 2003இல் அதனைத் தொடர்ந்த காலநிலை முதலீட்டுத் திட்டம் மேலும் 180 கோடி குரோனர் வழங்கிற்று. அதிற் கணிசமான பகுதி கழிவு வாயுவைச் சார்ந்த வேலைகளுக்குச் சென்றது. 2007இலிருந்து 2009இன் நடுப்பகுதி வரை, சூழலுக்கு இசைந்த புதிய கார் வாங்கியோருக்கு 10,000 குரோனர் கொடுக்கப்பட்டது.

எல்லாச் சட்டமும் எண்ணியபடி பலிக்கவில்லை. பெரிய எரிபொருள் நிலையங்கள் யாவும் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் ஒன்றையேனும் விற்கவேண்டும் என்னும் சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. நிலைய உரிமையாளர் செலவு குறைந்த வழியை நாடி எதனோல் பம்பிகளையே நிறுவினர். அதன்பின்னரே வாயுப் பம்பிகளுக்கெனத் தனி மானியம் வழங்கப்பட்டது.

கமக்காரரின் நிலை இன்னும் கடினமானது. மாட்டுத் தொழுவத்துச் சாணத்திலிருந்து தானாகவே வெளியேறும் மெதேன், உலகை வெப்பமாக்குவதிற் காபனீரொட்சைட்டினும் பன்மடங்கு வலியது. ஆயினும் அதனைப் பிடித்து விற்பதால் வரும் வருமானம் சிறிது. இதனையுணர்ந்த அரசாங்கம் 2015இல், சாண வாயுவின் ஒவ்வொரு கிலோவாற்று மணிக்கும் 0.40 குரோனர் வரை உதவிப் பணம் வழங்கத் தொடங்கிற்று.

2022ஆம் ஆண்டிலே எதிர்பாராத இடர் நேர்ந்தது. இவ்வாயுவுக்குச் சுவீடன் அளித்த வரிவிலக்கு 2030 வரை செல்லும் என 2020இல் ஐரோப்பிய ஆணைக்குழு இணங்கியிருந்தது. ஆனால் அயல்நாடுகளில் ஏற்கெனவே மானியம் பெற்ற வாயு சுவீடனுக்கு வந்து வரிவிலக்கும் பெறுவதால் இரட்டைச் சலுகை உண்டாகின்றதா என்பதை ஆணைக்குழு போதிய அளவு ஆராயவில்லை என்று ஒரு வழக்கு எழுந்தது. லக்செம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2022 டிசெம்பர் 21ஆந் திகதி அவ்விணக்கத்தை இரத்துச் செய்தது. 2023 மார்ச்சு முதல் வாயுவுக்கு வரி விழுந்தது. பல ஆண்டுக் கணக்கிட்டுக் கடன்பட்டுக் கலம் கட்டியோர் ஒரு தீர்ப்பினாற் கலங்கினர். 2024இலேதான் வரிவிலக்கு மீண்டது.

இன்று சுவீடனின் வண்டிகளில் நிரப்பப்படும் வாயுவில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்பட்டது கழிவிலும் சாணத்திலும் பிறந்ததே. நகரப் பஸ் சேவைகள் பல மின்சாரத்தை நாடுகின்றன. பாரலொறிகள் வாயுவை நாடுகின்றன. எவ்வழிச் செல்லினும், அந்நாட்டின் அனுபவம் ஒன்றையே உணர்த்துகின்றது. கலம் கட்டுவோன் எதிர்பார்ப்பது பதினைந்து இருபது ஆண்டுக்காலம். மந்திரிசபையின் ஆயுளோ நான்கு ஆண்டு. கழிவை வாயுவாக்க நுண்ணுயிர்க்கு ஒரு மாதம் போதும். கொடுத்த வாக்கு நிலைக்கும் என்னும் நம்பிக்கையை வளர்க்க ஓர் அரசுக்கு ஒரு தலைமுறை வேண்டும்.