தொலைநோக்கு மாற்றிவில்லை: இராமநாதபுரக் கடற்கரையில் பறவைப் படப்பிடிப்பின் ஒரு காலகட்டம்

தொலைநோக்கு மாற்றிவில்லை (டெலி கன்வர்ட்டர்) என்பது கேமராவில் ஏற்கெனவே உள்ள லென்ஸின் முன்போ பின்போ பொருத்தப்பட்டு, தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் துணை லென்ஸ் ஆகும். லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய டிஜிட்டல் கேமராக்களில் முன்புறம் பொருத்தும் வகையே பயன்பட்டது. ஏறக்குறைய 1999 முதல் 2012 வரை, பெரிய கேமராவும் நீண்ட லென்ஸும் வாங்க வசதியில்லாதவர்கள் பறவைகளைப் படம்பிடிக்க இருந்த மலிவான வழிகளில் இது முக்கியமானது. பறவைகளை நெருங்க முடியாத இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை போன்ற திறந்தவெளிகளில் இதன் தேவை தெளிவாகத் தெரியும்.

கடற்கரையின் இயல்பு

இப்பகுதியின் பழைய ஒளிப்படங்கள் அருகில் நின்று எடுத்தவை. 1867-68-இல் மதராஸ் அரசுக்காகத் தென்னிந்தியக் கோயில்களைப் படம்பிடித்த எட்மண்ட் டேவிட் லயன் இராமேசுவரம் கோயிலையும் படமெடுத்தார். அசையாத தூண்களுக்குக் கனமான கேமராவும் நீண்ட ஒளிபடு நேரமும் தடையாக இருக்கவில்லை. உயிருள்ள பறவைக்கு அந்த முறை உதவாது.

1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடி நகரை அழித்தது. மக்கள் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்ட அந்த மணல்திட்டில், சேறும் ஆழமற்ற நீரும் கொண்ட காயல்கள் எஞ்சின. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் பெரும் பூநாரைகளும் ஆலாக்களும் பலவகைக் கரையோரப் பறவைகளும் அங்கு கூடுகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. உள்நாட்டுக் கண்மாய்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-இல் பறவைகள் சரணாலயங்களாயின. மண்டபம் பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980-களில் வலசைப் பறவைகளுக்குக் கால்வளையமிட்டு ஆய்வு செய்தது.

தனுஷ்கோடிக் காயல்களின் முக்கிய இயல்பு மறைப்பின்மை. திறந்த சேற்றுவெளியில் மறைந்து நிற்க இடம் அரிது. மனிதன் நடந்து வருவதைப் பூநாரைக் கூட்டம் வெகுதூரத்திலேயே கண்டுகொள்ளும். நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். நீண்ட பயணம் செய்து இரைதேட வந்த பறவைகளின் ஆற்றல் அதில் வீணாகும். எனவே தூரத்தில் நின்றே படமெடுப்பது வசதிக்காக மட்டுமன்றிப் பறவையின் நலனுக்காகவும் வேண்டியதாயிற்று.

கருவியின் வரலாறு

முன்புற மாற்றிவில்லையின் அடிப்படை நானூறு ஆண்டுகள் பழையது. 1608-இல் ஆலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கோரினார். 1609-இல் கலிலியோ தம் தொலைநோக்கியை அமைத்தார். முன்னே குவிவில்லை, பின்னே குழிவில்லை என்ற அதே அமைப்பைத்தான் மாற்றிவில்லை கொண்டுள்ளது. இணையாக உள்ளே வரும் ஒளிக்கதிர்கள் இணையாகவே வெளியேறும். கோணம் மட்டும் பெருகும். கேமராவின் பார்வையில் பொருள் அருகே வந்ததுபோல் ஆகும். 1891-இல் இங்கிலாந்தின் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியின் அடால்ஃப் மீத்தே, அடால்ஃப் ஸ்டைன்ஹைல் ஆகிய மூவரும் தனித்தனியே தொலைப்பட லென்ஸை உருவாக்கினர்.

1999-இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவில் லென்ஸின் முன்புறம் மரை இருந்தது. டிசி-இ2 என்னும் இருமடங்கு மாற்றிவில்லையை அதில் திருகிப் பொருத்தலாம். அதே ஆண்டில் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, பறவை நோக்கும் தொலைநோக்கியின் கண்வில்லையில் டிஜிட்டல் கேமராவை வைத்துப் படமெடுத்து, 'டிஜிஸ்கோப்பிங்' முறை பரவ வழிசெய்தார். தொலைநோக்கி இல்லாதவர்களுக்கு மாற்றிவில்லையே எளிய வழி. ஒலிம்பஸ் டிகான்-17 போன்ற 1.7 மடங்கு வில்லைகளும், ரேநாக்ஸ் நிறுவனத்தின் வில்லைகளும், பெயரில்லாத மலிவு வில்லைகளும் அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன.

எவ்வளவு பயன் கிடைத்தது?

ஒரு கணக்கு இதை விளக்கும். 1.3 மீட்டர் உயரமுள்ள பூநாரை 100 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். கூல்பிக்ஸ் 950-இன் அதிகபட்சக் குவியத்தொலைவு, 35 மி.மீ. பிலிம் கணக்கில், 115 மி.மீ. அந்தக் கேமராவின் 1,200 புள்ளி உயரமுள்ள படத்தில் பறவை சுமார் 75 புள்ளிகளே உயரமாக இருக்கும். இருமடங்கு வில்லையுடன் அது 150 ஆகும். பூநாரை என்று அடையாளம் காண அது போதும்; காலில் உள்ள வளையத்தைப் படிக்கப் போதாது. 2002-இல் வந்த பானசோனிக் எஃப்இசட்1 போன்ற 12 மடங்கு ஜூம் கேமராவில் (420 மி.மீ.) 1.7 மடங்கு வில்லையைப் பொருத்தினால் அதே பறவை படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிரப்பும். ஆக, மாற்றிவில்லை பெருக்கல் செய்வதே. பெருக்கப்படும் எண் சிறியதாக இருந்தால் விடையும் சிறியதே.

மலிவு வில்லையைத் தேர்ந்தெடுத்த முறை

கேமராவில் மரையோ இணைப்புக் குழாயோ உண்டா என்பது முதல் கேள்வி. சட்டைப்பை அளவிலான கேமராக்கள் பலவற்றில் இரண்டும் இல்லை. நீளும் லென்ஸின் மீது நேரடியாக எடையேற்றினால் அதன் மோட்டார் பழுதாகும். குழாய் இருந்தால் எடையைக் கேமராவின் உடல் தாங்கும். மரையின் விட்டம் பொருந்தாவிட்டால் மாற்று வளையம் உதவும். ஆனால் வில்லையின் பின்புறக் கண்ணாடி கேமரா லென்ஸைவிடச் சிறியதாக இருந்தால் படத்தின் ஓரங்கள் வட்டமாக இருளும். நல்ல வில்லையிலும் ஜூமைக் குறைத்தால் இந்த இருட்டு வரும். ஆகவே முழு ஜூமில் வைத்தே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது ஒளி. பின்புறம் பொருத்தும் இருமடங்கு மாற்றி, கேமராவுக்குள் செல்லும் ஒளியை நான்கில் ஒரு பங்காக்கிவிடும். போதிய அகலமுள்ள முன்புற மாற்றிவில்லை துளை எண்ணை மாற்றுவதில்லை. விடியற்காலையிலும் மாலையிலும் படமெடுப்போருக்கு இது பெரிய ஆதாயம்.

மூன்றாவது கண்ணாடியின் தரம். மலிவு வில்லைகளில் வெவ்வேறு நிற ஒளிகள் ஒரே இடத்தில் குவிவதில்லை. பொருளின் விளிம்பில் ஊதா நிறக் கோடு படியும். பளிச்சிடும் நீருக்கு முன் நிற்கும் வெண்ணிறப் பறவையிலும், வானத்தின் பின்னணியில் தெரியும் பாம்பன் பாலத்தின் இரும்புச் சட்டங்களிலும் அந்தக் கோடு உடனே தென்படும். வில்லையைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. ஒரே பொருளை வில்லையுடனும் வில்லையின்றியும் எடுத்து, வில்லையற்ற படத்தைக் கணினியில் அதே அளவுக்குப் பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே விவரமே தெரிந்தால் வில்லைக்குக் கொடுக்கும் பணம் வீண். மூன்று மடங்கு என்று எழுதிய தரமற்ற வில்லையைவிட 1.5 மடங்கு நல்ல வில்லை மேலானது.

கடற்கரைக்கே உரிய சிக்கல்களும் இருந்தன. பெருக்கம் கூடும்போது கைநடுக்கமும் அதே மடங்கில் கூடும். தனுஷ்கோடியின் காற்றில் இலேசான முக்காலியும் ஆடும். உப்புப் படலமும் மணல் துகளும் கண்ணாடியிலும் மரையிலும் படியும். துகளை ஊதி அகற்றாமல் துணியால் துடைத்தால் கீறல் விழும். வெயில் ஏறியபின் மணல்மேல் எழும் கானல் படத்தைக் கலங்கடிக்கும். எந்த விலையுள்ள லென்ஸும் இதைத் தீர்க்காது. காலைப் பொழுதில் எடுப்பதே வழி.

மறைவும் எஞ்சியதும்

ஜூம் வளர்ந்ததும் மாற்றிவில்லையின் தேவை குறைந்தது. 2012-இல் வந்த கேனான் எஸ்எக்ஸ்50 கேமராவின் ஜூம் 50 மடங்கு. 2015-இல் வந்த நிக்கான் பி900-இன் ஜூம் 83 மடங்கு, அதாவது 2,000 மி.மீ. முன்னர்ச் சொன்ன பூநாரை இந்தக் கேமராவின் சட்டத்துக்குள் முழுதாக அடங்காது. இன்று அதே முன்புற வில்லைகள் கைப்பேசிக்கான கவ்விகளில் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் மேற்சொன்ன சோதனை பொருந்தும்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் பூநாரைகள் கூடும் காயல்களின் அருகிலேயே வாகனங்கள் செல்கின்றன. 2025 ஜூனில் தமிழக அரசு தனுஷ்கோடியில் ஏறத்தாழ 524.7 எக்டேர் பரப்பைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. பறவைக்கும் மனிதனுக்கும் இடையே இருந்த தூரத்தை முன்பு கடினமான பாதையே காத்தது. இப்போது அதைப் பார்வையாளர்களே காக்க வேண்டியுள்ளது. சாலையோரத்தில் நின்றபடியே, கூட்டத்தை எழுப்பாமல் எடுக்கக்கூடிய படத்துக்குக் கையில் உள்ள கருவி போதுமா என்பதே இன்றும் இக்கடற்கரையில் லென்ஸ் தேர்வின் அளவுகோல்.